தலைமை நடவாளர் பதவி

முக்குன்ற நாட்டில் ஒரு காலத்தில் மூன்று குன்றுகள் இருந்தன. இந்தக் கதை நடந்த நாட்களில் ஒன்றரைதான் மிச்சம். மீதியை நிலக்கரிக்காகத் தோண்டி உலைகளில் போட்டுவிட்டார்கள். தலைநகரைச் சுற்றி நானூறு உலைகள் ஓயாமல் எரிந்தன. இரும்பும் கண்ணாடியும் செங்கல்லும் அங்கிருந்துதான் கடல் தாண்டிப் போயின. அரண்மனைக் கூரைக்குப் பொன் ஓடு வேய்ந்ததும் அந்த உலைகளின் தயவில்தான். அதனால் உலைகளைப் பற்றி யாரும் குறைத்துப் பேசுவதில்லை. பிள்ளைகள் புகையில் இருமினால், நாடு வளர்கிறது என்று பெற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த நாட்டின் அரண்மனை வெப்பமானிக்காரர் பெயர் தித்தன். கோட்டை மேல் தொங்கிய பாதரசக் குழாயைத் தினமும் மூன்று வேளை பார்த்து ஓலையில் குறிப்பது அவர் வேலை. அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர்கள் தொண்ணூறு ஆண்டுகளாகக் குறித்த ஓலைகள் அவர் அறையில் தூசி படிந்து கிடந்தன. வேறு யாரும் கேட்காததால் தித்தனே அவற்றைப் படித்தார். உலைகள் பெருகப் பெருக வெக்கையும் ஏறியிருந்தது. புகையோடு போகும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு காற்று, வானத்தில் கம்பளி போலப் படர்ந்துவிடுகிறது. பூமியில் இறங்கிய சூடு மேலே போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அரசர் என்றாவது கேட்பார், அன்றைக்கு எழுந்து சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தும் வைத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. அரசரைப் பற்றிய பாராட்டுப் பாடலின் நாற்பதாவது வரியில் புலவர் மயங்கி விழுந்தார்.

"புலவர் விழுந்தது நம் புகழின் வெப்பத்தாலா, வெயிலின் வெப்பத்தாலா?" என்று அரசர் பெருஞ்சோதியார் கேட்டார்.

வெயிலால்தான் என்று மருத்துவர் தயக்கத்தோடு சொன்னார்.

"அப்படியானால் இந்த வெப்பம் ஏன்? அறிந்தவர் கூறலாம்."

தித்தன் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். அவர் செருமி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அரண்மனைத் தோட்டத்து மேற்பார்வையாளர் மருதையன்.

"மகாராஜா, நிழல் போதவில்லை. மரம் நட்டால் சரியாகிவிடும்."

அரசர் யோசித்தார். "இதற்காக யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்?"

"யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், மகாராஜா. குழி தோண்டினால் போதும்."

முதலில் கை தட்டியவர் உலைச் சங்கத் தலைவர் வங்கனார். அவரைப் பார்த்து அவை முழுவதும் தட்டியது. தித்தன் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. அவர் மெல்ல உட்கார்ந்ததும் தெரியவில்லை.

அரசர் அரைகுறைப் பதிலை ஏற்றுக்கொண்டாரே என்ற கவலை தித்தனுக்கு மறுநாள்தான் வந்தது. அன்றைக்கு நெஞ்சை அறுத்தது வேறு. மருதையனும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வாய்ப்பாடு தெரியாமல் அடி வாங்கிய மருதையனுக்குத் தன் ஓலையைக் காட்டிக் காப்பாற்றியவர் தித்தன். அந்த மருதையனை அரசர் அருகில் அழைத்துத் தோளில் தட்டினார். தலைமை நடவாளர் என்ற புதுப்பதவியை அங்கேயே உருவாக்கி, வெள்ளிக் காம்பு போட்ட பச்சைக் குடை ஒன்றையும் கொடுத்தார்.

ஆளுக்கு வாரம் ஒரு கன்று என்று முதல் சட்டம் வந்தது. ஊரே குழி தோண்டியது. நடவுத் திருவிழாக்களில் மருதையன் பச்சைக் குடையின் கீழ் யானை மேல் வந்தார். பிறந்த ஆண் குழந்தைகளில் பாதிக்கு மருதையன் என்று பெயர். தித்தனின் மனைவி நல்லினியும் ஒரு நாள் கன்று நடப் போய்விட்டுச் சிவந்த முகத்தோடு திரும்பினாள்.

"உங்க கூட்டாளி என்னைக் கண்டுபிடிச்சுட்டார். யானையை நிறுத்தச் சொல்லி, 'தங்கச்சி, தித்தன் எப்படி இருக்கான்? ஒரு நாள் வரச் சொல்லும்மா'ன்னு கேட்டார். எவ்வளவு பெரிய மனுஷர், கொஞ்சம்கூடத் தலைக்கனம் இல்ல."

தித்தன் அன்று சாப்பிடவில்லை. மருதையன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

நட்ட கன்றுகள் வாடின. வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் கன்றுகளுக்கு ஊற்றிய பிறகே குடிக்க எடுக்கலாம் என்று இரண்டாவது சட்டம் வந்தது. கிணறுகள் சேறாயின. வங்கனார் அரசரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். கன்றுகள் நாட்டைக் குளிர்வித்துவிட்டபடியால், குளிர்ந்த அளவுக்குச் சூடாக்கிக்கொள்ளும் உரிமை உலைகளுக்கு உண்டல்லவா? நியாயம்தான் என்றார் அரசர். ஒரு கன்று நட்டால் ஒரு வண்டி நிலக்கரி கூடுதலாக எரிக்கலாம் என்று மூன்றாவது சட்டம் வந்தது. நானூறு உலைகள் எழுநூறாயின. செத்த கன்றைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் மறுகன்றை நட்டார்கள். அதற்கும் ஒரு வண்டி எரிந்தது. பாதரசம் குழாயின் உச்சியைத் தொட ஆரம்பித்தது.

தித்தனால் பொறுக்க முடியவில்லை. ஓலைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு அவைக்குப் போனார். உலைகளில் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு பேச்சு.

"மகாராஜா, மருதையன் நட்ட கன்றுகளில் பத்துக்கு எட்டு செத்துவிட்டன! அவருக்கு வேம்புக்கும் வாகைக்கும் வித்தியாசம் தெரியாது! பள்ளியில் வாய்ப்பாடுகூடத் தெரியாது!"

அதற்குப் பிறகு உலை, புகை, தொண்ணூறு ஆண்டு என்று அவர் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. அவை சிரித்துக்கொண்டிருந்தது. அரசர் கனிவோடு சொன்னார்: "தித்தரே, உமக்கு வந்திருப்பது நோய். நடவைக் குறை சொல்வது பொறாமையின் அறிகுறி என்று இன்று முதல் சட்டமாகிறது. அரண்மனை வைத்தியர் தரும் லேகியத்தைக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்பீராக."

அன்றிலிருந்து கன்றுகள் ஏன் சாகின்றன என்று கேட்டவர்களுக்கெல்லாம் லேகியம் கொடுத்தார்கள். தித்தனுடையது தனிக் கசப்பு. அதை விழுங்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நோய் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதற்காக, தான் சொன்னது பொய்யாகிவிடுமா?

ஒரு நாள் உச்சிவெயிலில், தெருவில் நாய்கூட நடமாடாத வேளையில், மருதையன் தனியாக வந்து கதவைத் தட்டினார். குடை இல்லை. நல்லினி இருந்த கொஞ்சத் தண்ணீரைக் கொடுத்தாள்.

"தித்தா, அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டா. தோட்டக்காரன் வேற என்ன சொல்வான்? நட்டு நட்டுப் பார்த்துட்டேன், சூடு ஏறிக்கிட்டே போகுது. உனக்குக் காரணம் தெரியும். எனக்குச் சொல்லு. மரம் பிரயோசனமே இல்லையா?"

தித்தன் வெகு நாளுக்குப் பிறகு தன் தொழிலைப் பற்றிப் பேசினார். "உதவாதுன்னு நான் எப்பவும் சொல்லல. நிக்கிற காட்டை நிக்க விட்டா உதவும். கன்னு பிழைச்சு இருபது முப்பது வருஷம் வளர்ந்தா உதவும், கொஞ்சம். ஆனா நிலக்கரின்னா என்ன? எத்தனையோ லட்சம் வருஷத்துக் காடு மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. அதை ஒரு பகல்ல எரிச்சுட்டு, ஒரு சாண் கன்னை நட்டா ஈடாகுமா? உலையைக் குறைக்காம எதைச் செஞ்சாலும் நடக்காது."

மருதையன் எழுந்து நின்றுவிட்டார். "நாளைக்கே அவையில சொல்லிடறேன். நான் சொன்னா அரசர் கேப்பார், ஜனங்களும் கேப்பாங்க. உன் ஓலைகளை மட்டும் கொடு."

நான் சொன்னால் கேட்பார்கள். அது உண்மைதான். அந்த உண்மைதான் தித்தனை முள்ளாகக் குத்தியது. மூன்று ஆண்டு உழைப்பு, லேகியம் தின்ற நாக்கு, அவை சிரித்த சிரிப்பு எல்லாம் தன்னுடையது. மாலை மட்டும் அவன் கழுத்துக்கா? உலைகளை அணைத்த மகான் என்று இன்னும் கொஞ்சம் குழந்தைகளுக்கு அவன் பெயரை வைப்பார்களா?

"ஓலையெல்லாம் கரையான் அரிச்சுட்டுது," என்றார் தித்தன்.

மருதையன் அறைக்குள் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார். நண்பனைப் பார்த்தார். வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

"ஏங்க, அவர் சொன்னா என்ன, நீங்க சொன்னா என்ன?" என்றாள் நல்லினி. "சூடு குறைஞ்சா போதாதா?"

"உனக்குப் புரியாது."

"புரியுது. அதான் கேக்கறேன்."

மறுநாள் மருதையன் பச்சைக் குடையை அரசரின் காலடியில் வைத்தார். "மகாராஜா, மரம் மட்டும் போதாது. உலைகளைக் குறைத்தாக வேண்டும். அன்று நான் சொன்னது அறியாமை. மன்னிக்க வேண்டும்."

அவை அசையவில்லை. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் மரியாதையாக எழுந்து நிற்கவும் தொடங்கினார்கள். வங்கனார் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "ஆதாரம்?"

"தித்தனிடம் இருக்கிறது."

அரசர் திரும்பினார். "தித்தரே, இவர் சொல்வது மெய்யா?"

கண்ணாடி முன் பேசிப் பார்த்ததெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான். ஆம் என்று ஒரு சொல் போதும். தித்தன் அவையைப் பார்த்தார். ஒருவர் கண்ணும் அவர் மேல் இல்லை. எல்லோரும் மருதையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்ணில் ஈரம்.

"மகாராஜா, வழக்கமான வெயில்தான்," என்றார் தித்தன். "நண்பருக்கு உடம்பு சரியில்லை. என் லேகியத்தில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம்."

அவை விழுந்து விழுந்து சிரித்தது. முதன்முறையாக அவரைப் பார்த்துச் சிரிக்காமல், அவர் சொன்னதற்குச் சிரித்தது. தலைமை நடவாளர் பதவியோடு பச்சைக் குடை அன்று மாலையே அவர் வீட்டுக்கு வந்தது. நல்லினி அதைத் தொடவில்லை. ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை.

அவள் ஊர் குமிழங்காட்டின் ஓரத்தில் இருந்தது. நாட்டில் மிச்சமிருந்த ஒரே பழைய காடு. பதவி போன மருதையனும் அங்கேதான் போயிருந்தார் என்று ஒற்றர் வந்து சொன்னார். ஒரு கன்றுகூட அவர் நடவில்லையாம். கோடாரியோடு வருகிறவர்களை ஊர்க்காரர்களோடு சேர்ந்து மறித்து உட்கார்ந்திருக்கிறாராம். அங்கே கிணற்றில் தண்ணீர் இருக்கிறதாம். காவல் இருப்பவர்களுக்கு நல்லினி கஞ்சி காய்ச்சுகிறாளாம். ஐயா, ஐயா என்று ஊரே மருதையனைச் சுற்றுகிறதாம்.

யானை மேல் குடையின் கீழ் உட்கார்ந்திருந்த தித்தனுக்கு வியர்த்துக் கொட்டியது. பதவியும் குடையும் போன பிறகும் ஒருவனை எதற்காகக் கொண்டாடுகிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் நடுவதற்கு இடமில்லை என்ற குறை அவைக்கு வந்தது. அறிஞர் குழு பதினாறு நாள் கூடி ஒரு விளக்கம் தந்தது. மரம் என்பது நடப்பட்டது. யாரும் நடாதது மரம் ஆகாது. குமிழங்காட்டில் நிற்பவற்றை யாரும் நட்டதாகச் சான்றில்லை. ஆகவே அது வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் இருப்பதை வெட்டி உலைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கன்று நடலாம். முடிவைத் தலைமை நடவாளரிடமே விடுவதாக அரசர் பெருந்தன்மையோடு அறிவித்தார்.

மறுக்கத் தித்தனுக்கு உரிமை இருந்தது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது அந்த நாட்டில் வேறு எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஐயா, ஐயா என்ற குரல் காதில் கேட்டது. கையெழுத்து அழகாக விழுந்தது.

பதினொரு நாளில் காடு தரையானது. பன்னிரண்டாம் நாள் நல்லினி வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"வீரர்கள் உங்க கூட்டாளியைத் தூக்கிக் கொண்டுபோய் வெட்டவெளியில போட்டாங்க. அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னுட்டார். மூணு நாள். ஒதுங்க நிழல் இல்ல. தண்ணி கேட்டார். கிணறு வத்திப்போச்சு."

கேட்கக் கூடாது என்று நினைத்ததுதான் தித்தனின் வாயில் வந்தது.

"சாவுக்கு எவ்வளவு பேர் வந்திருந்தாங்க?"

நல்லினி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவளைப் போலப் பார்த்தாள். பிறகு, தண்ணீர் தேடி வடக்கே போய்க்கொண்டிருந்த தன் ஊர்க்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அடுத்த கோடையில் ஆற்று மணலில் கால் வைக்க முடியவில்லை. பறவைகள் பறந்துகொண்டிருக்கும்போதே விழுந்தன. மக்களுக்கும் ஆட்சியில் பங்கு வேண்டும் என்று உணர்ந்த அரசர், தலைமை நடவாளர் பதவிக்குத் தேர்தல் அறிவித்தார். இருவர் நின்றார்கள். இருவருக்கும் பந்தல் போட்டு, மேளம் வைத்து, மோர் வழங்கியவர் வங்கனார்தான்.

தித்தன் மேடையேறி, வென்றால் ஒரு கோடி கன்று நடுவேன் என்றார். கூட்டம் ஆரவாரித்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்து எழுந்தவர் வங்கனாரின் மருமகன். குழி தோண்டிப் பழக்கமில்லாத இளைஞர். அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இரண்டு கோடி!"

வெந்து கொதித்த அந்தத் திடலில் நின்ற அத்தனை பேரும், குடிக்கக் கொடுத்த மோர்க் குவளைகளை வானத்தில் வீசிக் கூத்தாடினார்கள். பச்சைக் குடையின் கீழ் தித்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கோடி என்று தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்பது அவருக்கு விளங்கவே இல்லை.