பூட்டு சாரும் ஆயிரம் சோதனைகளும்

ஒரே நாளில் பதினேழு முறை உலகம் முடிந்துவிட்டதாக அறிவித்த மனிதர் காரைக்காலில் பூட்டு சார் ஒருவர்தான். நான் எண்ணியிருக்கிறேன்.

எண்ணுவதுதான் என் பிழைப்பு. கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எண்ணியவன், ஓய்வுக்குப் பிறகு ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சோதனைகளை எண்ணிப் பதியச் சேர்ந்தேன். அங்கே செய்தது, ஒரே கணினிக்குள் பல பொய்க் கணினிகளை ஓட்டும் மென்பொருள். 'வேலை வந்திருக்கிறது' என்ற அழைப்பு அவற்றுக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். மென்பொருள் குறுக்கே வராமல் கணினியின் சிப்பே நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வேகம். அந்த வேகப் பாதையைச் சில நேரம் மூடித் திறக்கவேண்டும். அப்போது இருவர் ஒன்றாகக் கைவைக்காதபடி காக்க ஒரு பூட்டு. அதை எழுதியவர் என்பதால்தான் அவர் பூட்டு சார்.

ஆனால் அவ்வப்போது பொய்க் கணினிகள் அத்தனையும் உறைந்து நின்றன. ஒவ்வொரு முறையும் உலகம் முடிந்துவிட்டது என்பார் சார். வெள்ளிக்கிழமைக்குள் ஆயிரம் சோதனைகள். ஒன்று உறைந்தாலும் வேகப் பாதையையே நீக்கிவிடுவோம் என்றது தலைமையகம். அவருடைய ஆறு வருட உழைப்பு அது.

புதன்கிழமை, உடன் வேலை பார்த்த பிலோமினாவைப் பொய்க் கணினியாக நிற்க வைத்தார். மேசை டிராயரின் சாவிதான் பூட்டு.

"சாவி எங்கிட்ட இருக்கு. பாதைய மூடுறேன். தெரிஞ்சுக்கிட்டேன்னு நீங்க கை தூக்கினாத்தான் சாவிய வெப்பேன்."

"மூடியிருக்கான்னு பாக்கவே எனக்குச் சாவி வேணுமே சார்?"

"கை தூக்குங்க, தரேன்."

"தாங்க, தூக்குறேன்."

பதினொரு நிமிடம் நின்றார்கள். டீயில் ஆடை படிந்தது.

"சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு வந்து கூப்புடுவாரு சார். அதுவரைக்கும் நிக்கவா?"

"இப்படித்தாங்க அதுவும் நிக்குது! சாவிய வெச்சுட்டுல்ல காத்திருக்கணும்!" என்று கத்திக்கொண்டு தன் அறைக்கு ஓடினார். சாவியோடு. பிலோமினாவின் சாப்பாடு டிராயருக்குள் இருந்தது.

வியாழன் முழுக்கத் திருத்தினார். வெள்ளிக்கிழமை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று சோதனைகள் சுத்தமாக ஓடின. அடுத்தது உறைந்தது.

தலைமையகம் பார்ப்பது என் பதிவேட்டை மட்டும். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்.

"கரண்டு ஏதாச்சும் போயிருக்குமோ சார்?"

"கரண்டு இருந்துச்சுங்க. இன்னொரு ஓட்டை எங்கயோ இருக்கு. எழுதுங்க, உறைஞ்சது ஒன்னு."

எழுதினேன். திங்கட்கிழமை வேகப் பாதையை நீக்கினார்கள். அந்த வாரமே பூட்டு சாரும் ஊரைவிட்டுப் போனார்.

இத்தனை வருடங்களில் நான் தப்பாக எண்ணியிருக்கலாமே என்று ஏங்குவது அந்த ஒன்றை மட்டும்தான்.