டெலிபோன் ஆபீஸில் ஆள் இருக்கார்

ஒரு புதன்கிழமை காலை, பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறிய பிறகு, காலி வீட்டின் தரையில் தனியாகக் கிடந்த தொலைபேசியை வீடு மாறிக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் கையில் எடுத்துக்கொண்டார். "கவலைப்படாதே, டெலிபோன் ஆபீஸில் நமக்கு ஆள் இருக்கார்" என்று மனைவிக்கு அபயம் அளித்தார்.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். எந்த அலுவலகத்திலும் இது வரிசையில் நிற்காது. ஊரார் கவுண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற வேலைக்கு, தம்பியின் சம்பந்தியைப் பிடித்து, அவர் மூலம் அவருடைய பழைய மேலாளரைப் பிடித்து, அவரோடு காலையில் நடக்கப் போகிறவரைப் பிடித்து, கடைசியில் வேலையை மட்டும் கோட்டைவிடும். முகம் வாடுமா? வாடாது. உறவினர்கள் இவருக்கு வைத்த பெயரே 'ஆளிருக்கார்'.

கைப்பேசி வராத காலம் அது. கடல் தாண்டி மகளுக்கு நிறைமாதம். பழைய எண்ணே புது வீட்டுக்கும் வந்துவிடும் என்று அப்பா சொன்னதை நம்பி, அவள் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, ஊமையாக உட்கார்ந்திருந்த கருவியைத் தூக்கித் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"நானே போய் எழுதிக் கொடுத்துட்டு வரட்டுமா?"

"கவுண்டர்ல நிக்கிறதா? நம்ம ஆள் என்ன நினைப்பார்?"

"நம்ம ஆள் பேர் என்ன?"

"பேரெல்லாம் எதுக்கு? பெரிய இடம்."

காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் கவுண்டருக்குப் போனாள். அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தான். எழுதிக் கொடுத்தாள். காய்கறியும் வாங்கினாள்.

அந்த வாரமே ஏணியும் கம்பிச் சுருளுமாக லைன்மேன் வந்து நின்றார். கதவைத் திறந்தவர் நம்மவர்.

"யார் அனுப்பினது?"

"ஆபீஸ்ல அனுப்பினாங்க சார்."

"ஆபீஸ்ல யாரு?"

"ஆபீஸ்தான் சார்."

"அப்படியெல்லாம் யாரும் வரக்கூடாதுப்பா. நமக்கு மேலேர்ந்து ஆள் வரும். நீ வேலையைச் செஞ்சுட்டா, அவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

லைன்மேன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் விஷயம் தெரிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். தெருமுனையில் ஏணியின் வாலைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார் வேற ஆளுக்குக் காத்திருக்காராமேம்மா?"

"அவர் காத்திருக்கட்டும் தம்பி. என் பொண்ணு வயித்துல இருக்கறது காத்திருக்காது. வாங்க."

சாயங்காலத்துக்குள் இணைப்பு வந்தது. அந்த வார இறுதியில் மணி அடித்தது. மறுமுனையில் மருமகன். "அத்தை, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கணவர் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். பேத்தி யார் ஜாடை என்றா கேட்டார்?

"மாப்ளே, எந்த ஆஸ்பத்திரி? அங்கே நமக்கு ஒரு ஆள் இருக்கார்!"

வருஷங்கள் ஓடின. வீட்டுத் தொலைபேசியே வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பேத்தி கல்லூரியில் சேர்ந்த சமயம் நம்மவரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "சார், புது வீட்டுக்கு உங்க போன் மாத்துற விஷயமா மேலே பேசிட்டேன். நாளைக்கு ஆள் வரும்."

மனிதர் அதை மனைவியிடம் நீட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா? அவசரக்குடுக்கை! நான் சொன்னேனா இல்லையா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'அடடா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர்...' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?