கண்ணுக்கும் அதே சொல்

வாசலில் நாத்தனார் கெலாவ் சேப்பங்கிழங்குக் கூடையோடு நிற்பதைப் பார்த்ததும் எபில் வாசலுக்கு ஓடினாள்.

முந்தின நாள்தான் அவள் கணவன் தெமெங்கிலுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிச் சோறு கொண்டுவந்த அய்ராய் ஊராருக்கு ரேடியோவில் நன்றி சொல்லலாமென்று, வீடு திரும்பும் வழியில் நிலையத்தில் ஒரு சீட்டுக் கொடுத்தாள். வண்டிக்காரன் ஹார்ன் அடித்த அவசரத்தில் நாலே சொல்: "தெமெங்கில். மட். ஆஸ்பத்திரி. சுலாங்."

சுலாங் என்றால் நன்றி. மட் என்றால் கண். எங்கள் பலாவுத் தீவு மொழியில் செத்துப்போவதற்கும் அதே மட்தான் என்பது காலையில் பல் துலக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டு ரேடியோவோ ஒரு மாதமாக ஊமை.

"அண்ணி..." என்று கெலாவ் வாயெடுக்குமுன் எபில் முந்திக்கொண்டாள்.

"அவரு சாகல! சத்தியமாச் சாகல!"

கூடை நழுவி விழுந்தது. "ஐயோ, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மோசமெல்லாம் இல்லடி. தூங்குறாரு."

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து. எழுப்பினா அசையல. மருந்து மயக்கம்..."

"அண்ணா!" கெலாவ் போட்ட கூச்சலில், மீனும் அரிசி மூட்டையுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்தவர்கள் ஓட்டமெடுத்தார்கள். துக்க வீட்டுக்கு வரும் அதே சாமான்கள்! எபில் உள்ளே பாய்ந்து கணவனை உலுக்கினாள்.

"எந்திரிங்க! செத்துட்டீங்கன்னு ஊரே கூடியிருக்கு. மூஞ்சியக் காட்டுங்க!"

வெள்ளைப் போர்வையும் ஒரு கண்ணில் கட்டுமாக, அரைத் தூக்கத்தில் வந்த தெமெங்கில் சேப்பங்கிழங்கில் கால் வைத்தார். சறுக்கினார். மல்லாந்தார்.

"போயிட்டாரே!" ஓலம் இரட்டித்தது.

"யாருய்யா அது, என் கைய மிதிக்கிறது?"

தெமெங்கில் கண்கட்டை மெல்ல விலக்கி, குனிந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அஞ்சு வருசமா எல்லாரும் எனக்குப் புகையாத்தான் தெரிஞ்சீங்க. டேய் ரெங்குல், நீ எப்படா இவ்வளவு கெழவனானே?"

பால்ய நண்பர் ரெங்குல் அழுதுகொண்டே சிரித்தார். தெமெங்கில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து "சுலாங், சுலாங்" என்றார். எபில் கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு தப்புச் செய்திக்கே இத்தனை பேரா!

"எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க," என்றாள் கைகூப்பி. "நான் எழுதின சீட்டால வந்த வினை. துக்கம்னு நம்பி ஓடி வந்துட்டீங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேடியோ அறிவிப்பாளர் தில்மெர்ஸ் முன்னால் வந்தாள்.

"அந்தச் சீட்டாக்கா? உங்க கிறுக்கல் புரியாம அதை நான் இன்னும் வாசிக்கவே இல்லியே. அண்ணனுக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சுன்னு நாங்கெல்லாம் விருந்துக்கில்ல வந்தோம்!"