நார்மல்காரர் வீட்டு முக்காலி

உலகத்தில் ரத்தம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ரத்தம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதாக ரத்தத்தைப் படிக்கிற ஓர் இனமும் இருக்கிறது. இந்த இனம் மருத்துவம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு மூக்குக் கண்ணாடி, மூடி தொலைந்த ஒரு பால்பாயின்ட் பேனா, அடுத்த வீட்டு லேப் ரிப்போர்ட், இவை மூன்றும் ஒரே நாற்காலியில் சேர்ந்துவிட்டால் போதும். இவரை நார்மல்காரர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லையே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

நமக்குத் தெரிந்த நார்மல்காரர் திருநாவுக்கரசு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் முதல் மாடி வீடு. அளவு காட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். பகலெல்லாம் முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற கண், சாயங்காலம் வீட்டில் சும்மா இருக்குமா? இரண்டாயிரமாம் வருஷத்தை ஒட்டி லேப்களெல்லாம் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிக்க ஆரம்பித்து, அளவு தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுக் கொடுக்க ஆரம்பித்ததும் அவருக்கு யோகம் அடித்தது.

ரிப்போர்ட்டோடு யாராவது படியேறி வந்தால், உறையைத் திருப்பிப் பெயரைப் பார்ப்பார், வயதைப் பார்ப்பார், தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பார், பேனா முனையைத் தாளில் படாமல் எண்களின் மேலாக ஓட்டிக்கொண்டே வருவார், வழியில் ஒரு நட்சத்திரம் இருந்தால் ‘ம்’ என்பார், இரண்டு இருந்தால் ‘ம்ம்’ என்பார், ஒன்றுமே இல்லாவிட்டால் தாளை நாலாக மடித்து, கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டி, அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்வார். நார்மல்.

கீழ் வீட்டு ஜெசிந்தா இந்த ஊர்க்காரி. வார்த்தையை மென்று முழுங்கத் தெரியாதவள்.

“இன்னாண்ணா நார்மலு? முட்டி ரெண்டும் வலிச்சிகினே கீது. நைட்டு தூங்க முடியல.”

“எல்லாம் ரேஞ்சுக்குள்ள இருக்கும்மா.”

“அப்போ வலி?”

“வலிக்கு ரேஞ்ச் கிடையாது. அதை மிஷின்ல அளக்க முடியாது.”

ஜெசிந்தா தாளை வாங்கிக்கொண்டு, மாடிப்படியில் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கிப் போவாள்.

ரிப்போர்ட் பார்க்க வந்தவர்கள் காபியோடு ஒரு கதையையும் குடித்துவிட்டுத்தான் போக முடியும். சின்ன வயதில் வடக்கே ஒரு காகித ஆலையில் அவர் வேலை பார்த்த கதை. பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற முள் அசையாமல் நின்றதாம். எல்லோரும் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். திருநாவுக்கரசு மட்டும் எழுந்து, பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டியைப் போய்ப் பார்த்தாராம். தொட்டி ஏறக்குறைய காலி. பாய்லரில் எங்கோ ஓட்டை, போன தண்ணீருக்கு ஈடாகப் பம்ப் தொட்டியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. “முள்ளு அசையலேன்னா சந்தோஷப்படாதே. அதை அசையாம வெச்சிருக்கிறது யாருன்னு போய்ப் பாரு” என்று முடிப்பார். அவர் மனைவி ஞானம்பாளுக்கு இந்தக் கதையில் முள் எப்போது வரும், தொட்டி எப்போது வரும் என்பது அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தைவிட நன்றாகத் தெரியும்.

ஞானம்பாளுக்கு மாதவிடாய் நின்று சில வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் வீட்டில் சில விசித்திரங்கள் நடக்க ஆரம்பித்தன. முதலில் புடவைகள் நீண்டன. எப்போதும்போலக் கட்டினாலும் கரை தரையில் இழுபட்டது. “இப்பல்லாம் அகலமா நெய்யறாங்க” என்றார் திருநாவுக்கரசு. பழைய கல்யாணப் புடவையும் இழுபட்டதை அவள் சொன்னபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சமையலறையின் மேல்தட்டு உயர்ந்தது. கை நீட்டி எடுத்துக்கொண்டிருந்த அப்பள டப்பாவுக்குக் குதிகாலை உயர்த்த வேண்டியதாயிற்று, பிறகு அதுவும் போதாமல், திருக்கழுக்குன்றம் சந்தையிலிருந்து ஒரு முக்காலி வாங்கி வந்தாள். முதுகு மட்டும் புதிதாக எதுவும் செய்யவில்லை, தினமும் வலித்தது.

வலி என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார். குறை சொல்லக் கூடாது, வெறும் வயிற்றில் அழைத்துப் போய், முடிந்ததும் இட்லியும் வாங்கிக் கொடுப்பார். சாயங்காலம் பேனா ஓடும். “கால்சியம் ஒன்பது புள்ளி நாலு. நடுவுல கம்பீரமா நிக்குது பாரு. எலும்புக்கு இதைவிட என்ன வேணும்?” கால்சியம் நன்றாக இருக்கிறபோது முதுகு வலிப்பது ஏதோ தன்னுடைய தப்பு என்று ஞானம்பாளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

அந்த வருஷம் குடியிருப்பின் மன்றத்தில் எலும்பு முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்தால் எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிவிடுமாம். ஜெசிந்தா வந்து கூப்பிட்டாள். ஞானம்பாள் நல்ல புடவைகூடக் கட்டிவிட்டாள்.

“நமக்கெதுக்கு? நம்ம கால்சியம்தான் நார்மலாச்சே” என்றார் திருநாவுக்கரசு.

நம்ம கால்சியமாம். அவள் புடவையை மாற்றிக்கொண்டு ரசம் வைக்கப் போனாள். பெட்டிக்குள் கால் வைத்துவிட்டு வந்த ஜெசிந்தாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வத்தக்குழம்புக்கு அப்பளம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னார். முக்காலி ஒரு முழ உயரம்கூட இருக்காது. அதிலிருந்து குழந்தை விழுந்தால் எழுந்து சிரிக்கும். ஞானம்பாள் இடது கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டு உடைந்துவிட்டது. விழுந்ததைவிட, அவ்வளவு லேசாக உடைந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. இன்னொரு நாள் இடுப்பு இப்படி உடைந்தால்?

ஜெசிந்தாவின் கணவன் சாலமோன் கார் பிடித்து வந்தார். செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை திருநாவுக்கரசு ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், மறு கையில் ரிப்போர்ட் ஃபைல்.

எலும்பு டாக்டர் ஜெஸ்ஸி, மாவுக்கட்டு போட்டு முடித்ததும் ஃபைலை வாங்கினாள். திறக்காமல் மேஜையில் வைத்தாள்.

“மாதவிடாய் எப்ப நின்னது?”

ஊரில் பாதிப் பேரின் ஹீமோகுளோபினைப் புள்ளியோடு சொல்லக்கூடியவர், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். ஞானம்பாள்தான் பதில் சொன்னாள்.

நர்ஸ் அவளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தாள். ஐந்தடி ஓரங்குலம்.

“தப்பு. கல்யாணத்தப்போ அஞ்சடி மூணு” என்றார் திருநாவுக்கரசு. “இந்த ஸ்கேலைக் கடைசியா எப்ப சரிபாத்தீங்க?”

“நீங்க நின்னு பாருங்க சார்” என்றாள் நர்ஸ்.

நின்றார். அவருடைய உயரம் அப்படியே இருந்தது.

“முதுகெலும்பு நொறுங்கி அமுங்கியிருக்கும். அதான் வலி” என்றாள் டாக்டர். “ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா இதயமே தடுமாறும். அதனால உடம்பு அந்த அளவை விட்டே குடுக்காது சார். குறைஞ்சா எலும்புல இருந்து எடுத்துப் போட்டுடும். மாதவிடாய் நின்னப்புறம் எலும்பு இன்னும் வேகமா கரையும். ரத்தம் பாட்டுக்கு நார்மலாவே இருக்கும். எலும்பு கரையற வேகத்தைக் காட்டற டெஸ்ட் வேற, எலும்பு கெட்டியா இருக்கான்னு பாக்கற ஸ்கேன் வேற. ரெண்டுமே இதுவரைக்கும் எடுக்கல போலிருக்கே.”

ஞானம்பாளுக்குக் கையைவிட மனசு அதிகமாக வலித்தது.

“பாய்லர்” என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. திருநாவுக்கரசுக்குப் புரிந்துவிட்டது.

“முள்ளை அசையாம வெச்சிருக்கிறது யாருன்னு போய்ப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. ஒரு நாளாவது வந்து என்னைப் பாத்தீங்களா?”

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும், அவள் கேட்காமலேயே, மேல்தட்டில் இருந்த அத்தனை டப்பாவையும் கீழே இறக்கி வைத்தார். முக்காலியைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் போட்டார். கை கூடிவிட்டது. மாத்திரை சாப்பிட்டாள், ஸ்கேன் எடுத்தாள், காலை வெயிலில் கடற்கரையில் நடந்தாள், முதுகு கொஞ்சம் அடங்கியது. போன உயரம் திரும்பவில்லை.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? இந்த இனம் திருந்தாது, கருவியை மட்டும் மாற்றிக்கொள்ளும். இப்போது அவர் வீட்டு நிலைக்கதவில் பென்சில் கோடுகள். ஐம்பது தாண்டிய பெண்கள் யார் படியேறினாலும், “செருப்பைக் கழட்டிட்டு இப்படி நில்லும்மா, கல்யாணத்தப்போ எவ்வளவு?” என்கிறார். “அண்ணா, ஒயரமெல்லாம் அப்டியேதான் கீது, வுடுங்க” என்று ஜெசிந்தா தப்பித்து ஓடுகிறாள். முன்புபோல் பக்கவாட்டில் இறங்குவதில்லை.

சரி, உங்களிடம் வருவோம். இதைப் படிக்கும்போதே உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டோ மனைவியின் ரிப்போர்ட்டோ, ஏன், உங்களுடையதேகூட ஞாபகத்துக்கு வந்திருக்கும். அதில் நட்சத்திரம் ஒன்றும் இல்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்து, மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். வாழ்த்துகள், நீங்களும் இந்த இனம்தான். பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டைத் தேட வேண்டாம். எழுந்து சமையலறைக்குப் போங்கள். மேல்தட்டுக்குக் கீழே நிற்கிற அந்த முக்காலி, எப்போது உங்கள் வீட்டுக்கு வந்தது?