வேலியோர வைத்தியர்

எங்கள் தக்குவாரெம்போ மேய்ச்சல் சீமைப் பக்கம் எங்கெல்லாம் வேலி உண்டோ அங்கெல்லாம் ஒரு வேலியோர வைத்தியரும் உண்டு. குதிரையைத் தொட மாட்டார். ஒரு கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குடுவை, மறு கை வேலித் தூணில். உறிஞ்சிக்கொண்டே கண்ணைச் சுருக்கி, நொண்டும் குதிரைக்குத் தோளில் கோளாறு என்பார், குளம்பில் ஆணி ஏறியிருக்கும். இருமும் குதிரைக்குக் கண்ணேறு என்பார், பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்றிருக்கும். கூச்சமா? அந்த வியாதி அவருக்கு வந்ததே இல்லை.

எங்களுக்கு வாய்த்தவர் தோன் எவரிஸ்தோ. போன மழைக்காலத்தில் பக்கத்துப் பண்ணை எத்தெல்வினாவின் ஒரே குதிரை லூசேரா முன்காலால் மண்ணைச் சுரண்டியது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, விழுந்து புரண்டது. மாடு மேய்க்க அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். அது போனால் பிழைப்பும் போச்சு. கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி அழுதாள்.

தன் குதிரையிலிருந்து இறங்கி வேலியில் சாய்ந்தார் தோன் எவரிஸ்தோ.

"புழு வச்ச புண்ணு, தாயி. தடத்தைத் திருப்பிப் போட்டாச் சரியாயிடும்."

"புண்ணே இல்லையே!"

"உள்ளுக்குள்ள இருக்கும்."

நோய்கண்ட குதிரையின் குளம்புத் தடத்தை மண்ணோடு பெயர்த்துக் கவிழ்த்தால் புண்ணிலுள்ள புழு உதிரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வேலியைத் தாண்டாமலே, காலடியில் கண்ட தடத்தைக் கத்தியால் பெயர்த்துக் கவிழ்த்து, ஏதோ முணுமுணுத்தார்.

"ஒரு பாட்டில் எண்ணெய் கொண்டா. வாயில ஊத்திடுவோம்."

"நுரையீரலுக்குப் போயிட்டா? ஊத்தணும்னா உங்க வாயில ஊத்துறேன்!"

நல்லவேளை, மருத்துவரம்மா வந்தார். விலாவில் காதுக்குழாய் வைத்துக் கேட்டார், ஊசி போட்டார், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார். குடல்வலியாம். வெகுநேரம் கழித்து லூசேரா லத்தி போட்டது. அதைப் பார்த்து அப்படியொரு சந்தோஷம் எங்களுக்கு! எத்தெல்வினா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? தடம் வேலை செஞ்சிருச்சு!" என்றார் தோன் எவரிஸ்தோ.

மருத்துவரம்மா குனிந்து கவிழ்ந்த மண்ணைப் புரட்டினார். "இதுல லாடம் பதிஞ்சிருக்கு. லூசேராவுக்கு லாடமே கிடையாதே. இது உங்க குதிரைத் தடம்!"

தோன் எவரிஸ்தோ மாத்தேயை ஒரு வாய் உறிஞ்சினார். "அதான் பாருங்க, என் குதிரைக்கு ஒரு புழு உண்டா?"

சிரிக்கிறீர்களா? நீங்கள் குதிரையின் கிட்டே நின்றதுகூட இல்லை. ஆனாலும் லூசேரா வயிற்றைத் திரும்பிப் பார்த்தபோது, கொஞ்சம் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியதா, இல்லையா? வேலியிலிருந்து கையை எடுங்கள்.