பெட்டூனியாவும் மச்சானின் சுண்டுவிரலும்

ஒரு விஷயத்தில் ஆராய்ச்சி செய்கிறவனை அந்த விஷயத்தின் பக்கத்திலேயே விடக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் எங்கள் குடும்பத்தில் யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவர்கள் சொல்வதில் பாதி தப்பு வேறு. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மதுரையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது வீட்டில் சொன்னது. என் கைடு வேறு மாதிரி சொல்வார்.) செல்கள் சில ஜீன்களின் வாயை எப்படி அடைக்கின்றன என்பதுதான் தலைப்பு. மார்ச் கடைசியில் சோர்ந்துபோய், கொடைக்கானலில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவின் கணவருக்குச் சொந்த ஊர் பக்கத்து மலைக் கிராமமான பூம்பாறை. அங்கே அவருடைய அப்பாவும் அண்ணன்களும் மலைப்பூண்டு போடுகிறவர்கள். மச்சானுக்கு மட்டும் பூச்செடிப் பைத்தியம். இதனால் வீட்டில் சண்டை முற்றி, கடைசியில் அவர் அப்பா ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். மே மாத மலர்க் கண்காட்சியில் ஒரு பரிசாவது வாங்கினால் கொடைக்கானலிலேயே நர்சரி நடத்தலாம். இல்லையென்றால் பேசாமல் பூண்டுக் காட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

மச்சான் நம்பியிருந்தது நட்சத்திரப் பெட்டூனியாவை. ஊதாப் பூ; அதன் நடுவிலிருந்து ஐந்து வெள்ளைக் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரியும். அதைக் கேட்டதும் எனக்கு வாய் நமநமவென்றது. அந்த வெள்ளைக் கோடுதான் என் ஆராய்ச்சி.

முதல் நாள் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டேன். வெள்ளையாக இருக்கிற இடத்திலும் சாயம் செய்கிற ஜீன் இருக்கிறது, அது தன் உத்தரவை நகலெடுத்து அனுப்பவும் செய்கிறது, ஆனால் இத்துணூண்டு ஆர்.என்.ஏ. துணுக்குகள் அந்த நகலைக் காட்டிக்கொடுத்து வெட்டிப்போட வைக்கின்றன என்றேன். 'இத்துணூண்டு' என்பதற்குச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன். வேறு சில ஜீன்களுக்கு மேலேயே ஒரு வேதிப்பூட்டு விழும், செல் இரண்டாகப் பிரிந்தாலும் பூட்டு கூடவே போகும் என்று ரசம் ஆறும்வரை பேசினேன்.

"அப்ப அது எங்க மாமியா மாதிரி" என்றாள் அக்கா. "நான் வாயத் தொறந்தாலே வெட்டி விட்ருவாங்க."

மச்சான் சிரிக்கவில்லை. (அந்த மாமியார் அவருக்கு அம்மா.) "அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. கோடு மாறாம வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் இருக்கேன்ல மச்சான்" என்றேன்.

மறுநாள் அவர் ஏதோ வேலையாகப் பழனிக்கு இறங்கியிருந்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று எனக்குக் கூச்சம். ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். அடுப்படிப் பக்கம் ஒரு பூசணிக்கொடி, இலையெல்லாம் மஞ்சள் திட்டுத் திட்டாகச் சுருண்டு கிடந்தது. அதை வெட்டிச் சுத்தம் செய்தேன். அந்தச் சுறுசுறுப்பிலேயே பெட்டூனியாத் தொட்டிகளுக்குப் போய், செடி நன்றாகக் கிளைக்கட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியையும் அதே பிளேடால் நறுக்கினேன்.

நோய்ப்பட்ட இலையின் சாற்றை நல்ல செடியின் காயத்தில் தடவுவது, எங்கள் ஆய்வகத்தில் வேண்டுமென்றே வைரஸ் ஏற்றுகிற முறை. அதை எனக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கே பாதிச் செடிக்குக்கூட ஏறியதில்லை. இங்கே ஒரு தொட்டி பாக்கியில்லை.

நான் மதுரைக்குத் திரும்பியபின் அக்கா போனில், கோடு மெலிந்துகொண்டே வருகிறது என்றாள். மச்சான் விதை மாறிவிட்டது என்று நினைத்து, திண்டுக்கல் விதைக்கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். கண்காட்சிக்கு முதல் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் ஒரே ஊதா. இலையைப் புரட்டிப் பார்த்தேன், லேசாக மஞ்சள் திட்டு. பூசணிக்கொடியை வெட்டிய பிளேடு ஞாபகம் வந்தது. செடி தன் மேல் ஏறுகிற வைரஸையும் இதே சின்னத் துணுக்குகளை வைத்துத்தான் அடக்கப் பார்க்கும். அதனால் வைரஸ் அந்த ஏற்பாட்டையே முடக்கிவிடும். ஊமையாக இருந்த சாய ஜீனும் அதோடு பேச ஆரம்பித்துவிட்டது. மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் படுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்தது அந்த ஒரு ராத்திரிதான், அதுவும் தப்பான ராத்திரி.

மறுநாள் கண்காட்சியில் பரிசுக்குப் பார்வையிட வந்த நடுவர் அம்மா குனிந்து பார்த்தார். பின்னால் பூம்பாறை அண்ணன்கள் கைகட்டி நின்றார்கள்.

"ஸ்டார்னு எழுதியிருக்கீங்க, ஸ்டார் எங்கங்க?"

"விதை மாறிப்போச்சுங்க மேடம்" என்றார் மச்சான்.

"பரவால்லங்க. கலர் ரொம்ப ரிச்சா இருக்கு. ஆறுதல் பரிசுக்குப் போடலாம்" என்று அவர் பேனாவை எடுத்தார்.

இங்கே கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். நான்தான் முன்னே வந்து, "விதை மாறலைங்க மேடம். இது வைரஸ்" என்றேன். சொன்னதும் உற்சாகம் வந்துவிட்டது. இதை நேரில் பார்ப்பதே அபூர்வம், ஊதா கூடக்கூட வைரஸ் ஜெயிக்கிறது என்று அர்த்தம் என்றெல்லாம் விளக்கி, பூசணிக்கொடியை வெட்டிய என் பிளேடைக்கூட விட்டுவைக்காமல் சொன்னேன். 'இத்துணூண்டு' என்று சுண்டுவிரலைத் தூக்கியபோது அந்த அம்மா நாலடி தள்ளி நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெரேனியப் பூச்செடி வைத்திருந்தவர் தன் தொட்டிகளைத் தரதரவென்று இழுத்தார். மச்சானின் தொட்டிகள் அத்தனையும் வெளியே போயின.

பெரிய அண்ணன் சத்தம் போடவில்லை. "நாளைக்கு வெள்ளனே கெளம்பி ஊருக்கு வந்துரு தம்பி. காட்டுல சோலி கெடக்கு" என்றார்.

செடிகளைக் குவித்துத் தீ வைக்கும்போது மச்சான் என்னைத் திட்டவில்லை. "ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம்ல மாப்ள" என்றார். அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு வருடம் பூண்டுக் காட்டில் கிடந்தார். பூண்டு வரப்பெல்லாம் டேலியாப் பூச்செடி நட்டுவைக்க, அவர் அப்பாவே சலித்துப்போய்த் திருப்பி அனுப்பினார். இப்போது நர்சரி நன்றாக ஓடுகிறது. எனக்குத்தான் தண்டனை முடியவில்லை. விசேஷ வீடுகளில் நான் பேச ஆரம்பித்தால் மச்சான் எங்கிருந்தாவது சுண்டுவிரலைத் தூக்குவார், நான் நிறுத்த வேண்டும். என் வாய்மொழித் தேர்வுக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் பதிலை நீட்டிக்கொண்டே போக, விரல் எழும்பியது. வெளியூர்ப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, கழிப்பறை வலது பக்கம் என்று வழி சொன்னார். நான் பேச்சை அதோடு முடித்தேன். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இன்றும் நான் நர்சரிக்குள் போக வேண்டுமென்றால் வாசலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மச்சான் நின்று பார்ப்பார்.

"கை சரி மாப்ள" என்பார். "வாயக் கழுவ ஒரு சோப்பு கண்டுபுடி. அதுக்குக் குடுக்கட்டும் பட்டம்."