சாயங்காலம் திருப்பித் தர வேண்டிய ஷூ

முதுகுவலிக்காக யோகா வகுப்பில் சேருகிறவன் முதுகோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் நிறுத்தவில்லை. அதனால் என் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக லேத் முன்னால் நின்றுகொண்டிருந்த காலம். நாகரசம்பட்டியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். மாந்தோப்பு வைத்திருந்த மாமனார் ஒரே நிபந்தனைதான் போட்டார்: "மாப்ள பர்மனென்ட் ஆவட்டும், அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சிக்கலாம்." ஆர்டர் அந்த மாதமே வருவதாக இருந்தது.

அதற்குள் யோகா டீச்சர் சுமித்ராவிடம் (பகலில் பேங்க் வேலை, வீட்டில் கன்னடம்) வாயைக் கொடுத்தேன்.

"மேடம், தலைகீழா நிக்கிறது எப்ப சொல்லித் தருவீங்க?"

"ஆசனம் மூணாவது படி ரீ. அதுக்கு முன்னாடி மனுஷன் சரியாகணும். யாருக்கும் தீங்கு பண்ணக்கூடாது, பொய் பேசக்கூடாது. எல்லாம் சேர்ந்தாதான் யோகா."

தீங்கு செய்ய எனக்கு வசதி இல்லை. (ஒரு டிரெய்னி யாரை என்ன செய்துவிட முடியும்!) எனவே பொய்யை விட்டேன். அன்றே, அடியோடு. உயிரே போனாலும் சரி என்று முடிவெடுத்தேன்.

அந்த வாரமே கஸ்டமர் ஆடிட் வந்தது. ஆடிட் நாளில் கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருக்கும். தரையில் மஞ்சள் கோடு பளபளக்கும், தீயணைப்பு சிலிண்டரைக்கூடத் துடைத்து வைப்பார்கள். காலையில் ஸ்டோரிலிருந்து எல்லோருக்கும் புத்தம்புது சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். எனக்கு வந்தது இரண்டு சைஸ் பெரியது.

ஆடிட்டர் நேராக என்னிடம் வந்து நின்றார். "ஷூ நல்லாருக்கே. தினமும் போடுறீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் முருகேசன், ஆமாம் சொல்லு என்று தலையைப் பலமாக ஆட்டினார். நான் மூச்சை ஆழமாக இழுத்து விட்டேன்.

"இல்ல சார். காலையிலதான் குடுத்தாங்க. சாயங்காலம் திருப்பித் தரணும்."

"மெஷின் சுத்தமா இருக்கே?"

"இன்னைக்கு மட்டும் சார்."

(கேட்காததையும் சொல்லியிருப்பேன். அதற்குள் என்னைக் கேண்டீனுக்கு இழுத்துப் போய்விட்டார்கள்.)

"ஏம்பா, வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?" முருகேசன் கிட்டத்தட்ட அழுதார். "ஷூ குடுத்தவன் நானு. என் வேலைக்கே வேட்டு வெச்சிட்டியே!"

தீங்கு செய்ய வசதியில்லாதவனின் சாதனை அது. அவருக்கு மெமோ, எனக்கு இன்னொரு வருட டிரெய்னிங். அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாமனாரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். (பாதியில் விட்டால் அது என்ன யோகா?)

"செரி மாப்ள, பொண்ணக் கேட்டுச் சொல்றன்" என்றார். கவிதா காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் எல்லோருக்கும் அவரவர் சைஸில் சொந்த ஷூ வந்தது. முருகேசன் அதையும் என்னை முறைத்தபடியேதான் கொடுத்தார்.

தலைகீழாக நிற்க எனக்கு இன்றுவரை வரவில்லை. விடுவதாகவும் இல்லை. ஆனால் பையன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் போதும், கவிதா ஆரம்பித்துவிடுவாள்: "ஒம்போதாவது. இவரு அன்னைக்கி ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா பத்தாவது படிச்சிருப்பான்."